கதவு திறக்கத் தெரிந்த சூனியக்காரி, செத்துப்போன தம்பியை ஏன் கூட்டிவரக் கூடாது? (இணை உலக நாவலில் ஒரு சிக்கல்)

காகிதக்கப்பல்:

பதினைந்து பதினாறு வயதுப் பிள்ளைகளுக்காக ஒரு மிகுபுனைவு நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். பாதிக்கு மேல் முடிந்துவிட்டது, இப்போது ஒரே இடத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். கதை இதுதான்: நாயகிக்குப் பதினாறு வயது, சூனியக்காரிகளின் வம்சம். அவளைவிட இரண்டு வயது சின்னவனான தம்பி ஒன்பது வயதில் ஆற்றில் மூழ்கி இறந்துவிட்டான். பாட்டி விட்டுப்போன மந்திரத்தால் அவளுக்கு இணை உலகத்துக்குக் கதவு திறக்க வருகிறது. அந்த உலகத்தில் சூனியக்காரிகள் ஒளிந்து வாழவில்லை, மருத்துவர், வக்கீல் மாதிரி அதுவும் ஒரு தொழில். அங்கே இவளுடைய மறுபிரதி ஒருத்தி இருக்கிறாள், பெரிய சூனியக்காரி ஒருவரிடம் சீடப்பெண். கதவு யார் கையில் இருப்பது என்று இரண்டு பேருக்கும் மோதல். முன்கதையில், 1692-இல் அமெரிக்காவின் சேலம் ஊரில் சூனியக்காரிகளை எரித்த அன்றுதான் உலகம் இரண்டாகப் பிரிந்தது என்று வைத்திருக்கிறேன்.

எழுதியவரைக்கும் அக்கா மகளிடம் கொடுத்தேன், அவளுக்கும் இதே வயதுதான். படித்துவிட்டு, “சித்தி, அந்த உலகத்துல தம்பி உயிரோட இருப்பான்ல? அவனைப் போய்க் கூட்டிட்டு வந்துட்டா கதை முடிஞ்சுது, எதுக்கு இவ்ளோ சண்டை?” என்று கேட்டாள். பதில் சொல்ல வரவில்லை. ஒருவர் ஓர் உலகத்தில் இறந்தால் எல்லா உலகத்திலும் அதே நேரத்தில் இறந்துவிடுவார் என்று ஒரு விதி வைத்துவிடலாமா? ஓட்டை அடைபடும், ஆனால் ஏமாற்று வேலை மாதிரியும் இருக்கிறது.

பாதிராத்திரி வாசகி:

வைக்காதீர்கள். அந்த விதியை வைத்த நிமிடமே உங்கள் இணை உலகம் செத்துவிடும். இங்கே விபத்தில் போகிறவன் அங்கேயும் அதே நொடியில் போக வேண்டும் என்றால், அங்கேயும் அதே ஆறு, அதே வெள்ளம், அதே அவசரம் எல்லாம் இருந்தாக வேண்டும், அப்புறம் அது வேறு உலகமே இல்லை. பதினைந்து வயசுப் பிள்ளைகள் இந்த மாதிரி விஷயத்தில் நம்மைவிடக் கறாரானவர்கள், ஒரு விதியை ஆசிரியர் தன் வசதிக்காகச் செருகியிருக்கிறார் என்பது மூன்று பக்கத்தில் தெரிந்துவிடும்.

உங்கள் அக்கா மகள் கேட்டது ஓட்டையே இல்லை, கதையே அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. சி. எஸ். லூயிஸின் ‘த மெஜிஷியன்ஸ் நெஃப்யூ’ (1955) படித்திருப்பீர்கள். டிகரி என்ற பையனுடைய அம்மா சாகக் கிடக்கிறாள், அவன் போய்ச் சேரும் வேறு உலகத்தில் நோயைத் தீர்க்கும் ஆப்பிள் ஒன்று இருக்கிறது, இன்னொருவருக்காக அதைப் பறித்து வருவதாக வாக்குக் கொடுத்திருக்கிறான். அந்த இடத்தில் சூனியக்காரி வந்து, “நேரே அம்மாவிடம் எடுத்துக்கொண்டு போயேன்” என்கிற அர்த்தத்தில் ஆசை காட்டுகிறாள். வாசகர் கேட்க நினைக்கும் கேள்வியை ஆசிரியர் வில்லியின் வாயிலேயே வைத்துவிட்டார் பாருங்கள். உங்கள் மறுபிரதிப் பெண் அதே வேலையைச் செய்யலாமே.

விலை இல்லாத கதவும் கூடாது. பிலிப் புல்மனின் ‘ஹிஸ் டார்க் மெட்டீரியல்ஸ்’ வரிசையில் (1995 முதல் 2000 வரை மூன்று புத்தகம்) உலகங்களுக்கு நடுவே ஜன்னல் வெட்டும் கத்தி ஒன்று வரும். முடிவைச் சொல்லப் போகிறேன், படிக்காதவர்கள் அடுத்த பதிலுக்குத் தாண்டிவிடுங்கள். ஒவ்வொரு முறை வெட்டும்போதும் மனிதர்களைத் தின்னும் ஒரு நிழலுரு பிறக்கிறது என்று கடைசியில்தான் தெரியவரும். போதாததற்கு, வேறு உலகத்துக்குப் போய்த் தங்கினால் சுமார் பத்து வருடத்துக்கு மேல் உடம்பு தாங்காது. நாயகி லைராவும் வேற்றுலகத்துப் பையன் வில்லும் பிரிவதற்கு இந்த இரண்டு விதிதான் காரணம். ஆனால் இரண்டுமே திடீரென்று முளைத்தவை அல்ல, வில்லின் அப்பா வேற்றுலகில் நோயாளியாகிக் கிடப்பதை இரண்டாவது புத்தகத்திலேயே நாம் பார்த்துவிடுகிறோம். முன்னாலேயே காட்டிவிட்டால் அது விதி, பின்னால் கொண்டுவந்தால் சாக்கு.

அணுத்துகள்:

சின்னக் குறிப்பு. இந்தச் சிக்கலைக் குவாண்டம் சொல்லி ஒப்பேற்றலாம் என்ற எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். ஹியூ எவரெட் என்ற இயற்பியலாளர் 1957-இல் வெளியிட்ட கருத்திலிருந்துதான் ‘பல உலகங்கள்’ பேச்செல்லாம் கிளம்பியது. அதன்படி கிளைகள் பிரிந்த பிறகு ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகவர வழியே கிடையாது. கதவு வேண்டும் என்றால் மந்திரம் என்றே வைத்துக்கொள்ளுங்கள், மந்திரம் இயற்பியலிடம் அனுமதி கேட்கத் தேவையில்லை.

நூலகப் பல்லி:

சூனியக்காரி, இணை உலகம், மறுபிரதி மூன்றும் ஒரே கதையில் என்றால் டயானா வின் ஜோன்ஸைப் படிக்காமல் எழுதக் கூடாது என்பது என் கட்சி. ‘சார்ம்டு லைஃப்’ (1977) ஒன்றே போதும். அதில் குவெண்டலன் என்ற சூனியக்காரப் பெண் கோபித்துக்கொண்டு தனக்குப் பிடித்த வேறு உலகத்துக்கு ஓடிவிடுகிறாள். அவள் போய் உட்கார்ந்த இடத்தில் ஏற்கெனவே ஒரு மறுபிரதி இருக்குமே, அது எங்கே போகும்? அடுத்த உலகத்துக்குத் தள்ளப்படும், அங்கே இருந்தவள் அதற்கடுத்ததற்கு. இப்படி வரிசையாக நகர்ந்து, குவெண்டலனின் படுக்கையில் ஜேனட் என்ற ஒரு பெண் வந்து விழுகிறாள், நம்முடைய உலகத்துப் பெண், மந்திரத்தின் வாசனையே தெரியாதவள். முகம் மட்டும் அச்சு அசல். அவளைக் குவெண்டலன் என்றே எல்லோரும் நினைத்துக்கொள்வதும், எந்த உடுப்பை எப்படிப் போடுவது என்பதுகூடத் தெரியாமல் அவள் முழிப்பதும் அத்தனை சிரிப்பாக இருக்கும். சிரிப்புக்கு அடியில்தான் கத்தி. கடைசியில் ஜேனட் வீட்டுக்குப் போகலாம், வழி இருக்கிறது, ஆனால் அவளுடைய இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கும் பெண் தாய் தகப்பன் இல்லாதவள், இப்போது ஜேனட்டின் அப்பா அம்மாவோடு சந்தோஷமாக இருக்கிறாள். அதைப் பார்த்துவிட்டு ஜேனட் போகாமல் நின்றுவிடுகிறாள்.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், மறுபிரதியை எதிரியாக மட்டும் வைக்காதீர்கள். அவளுக்கும் ஒரு வீடு இருக்கிறது. உங்கள் நாயகி தம்பியைக் கூட்டிவந்தால் அங்கே ஒருத்தி தம்பியை இழக்கிறாள், அதுவும் அதே முகம், அதே அழுகை. ஜோன்ஸ் இன்னொரு அழகான கணக்கும் வைத்திருக்கிறார். பெரும்பாலானவர்களுக்கு மற்ற உலகங்களில் மறுபிரதிகள் உண்டு, யாராவது ஒருவருக்கு எங்குமே மறுபிரதி இல்லை என்றால் அத்தனை உயிரும் அந்த ஒருவருக்குள்ளேயே சேர்ந்துவிடும், அவருக்கு ஒன்பது உயிர். மந்திர பலம் எங்கிருந்து வருகிறது, மறுபிரதி ஏன் இருக்கிறது என்ற இரண்டு கேள்விக்கும் ஒரே விடை. உங்கள் நாவலில் மந்திரம் தனியாகவும் இணை உலகம் தனியாகவும் நிற்கிற மாதிரி தெரிகிறது, இரண்டையும் எங்காவது முடிச்சுப் போடுங்கள்.

ஏடு புரட்டி:

மேலே எல்லோரும் தம்பியையே பிடித்துக்கொண்டதில் ஒன்று தப்பிவிட்டது. சேலத்தில் யாரையும் எரிக்கவில்லை. அங்கே 19 பேரைத் தூக்கிலிட்டார்கள், 14 பெண்கள், 5 ஆண்கள். ஜைல்ஸ் கோரி என்ற முதியவர் குற்றத்தை ஒப்புக்கொள்ளவும் மறுக்கவும் மாட்டேன் என்று நின்றதால் அவர் மேல் கல்லை ஏற்றி ஏற்றி நசுக்கியே கொன்றார்கள். சிறையிலும் சிலர் இறந்தார்கள். எரித்தது ஐரோப்பாவின் பல பகுதிகளில், இங்கிலாந்தின் சட்டப்படி இந்தக் குற்றத்துக்குத் தூக்குதான், மாசசூசெட்ஸ் அப்போது அதன் குடியேற்றம். முன்கதையின் முதல் வரியிலேயே இந்தத் தவறு இருந்தால், விவரம் தெரிந்த வாசகர் அப்புறம் எதையுமே நம்ப மாட்டார்.

ஆனால் சேலத்தை விட்டுவிடாதீர்கள், அதில் உங்கள் கதைக்கென்றே வைத்த மாதிரி ஒரு விஷயம் இருக்கிறது. அந்த வழக்குகளில் ‘ஆவியுருச் சாட்சி’ என்று ஒன்றை ஏற்றுக்கொண்டார்கள். குற்றம் சாட்டப்பட்டவள் தன் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்திருப்பாள், வேறோர் இடத்தில் ஒரு சிறுமி, “இதோ அவள் உரு வந்து என்னைக் கிள்ளுகிறது, கழுத்தை நெரிக்கிறது” என்று கத்துவாள், மற்றவர்கள் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. அதுவே சாட்சி. நான் அந்த நேரத்தில் அங்கே இல்லை என்று சொல்லித் தப்பிக்கவே முடியாது, உடம்பு வேறு இடத்தில் இருந்தது என்பதில் அவர்களுக்கும் சந்தேகம் இல்லை, வந்தது உருதானே! அக்டோபரில் ஆளுநர் ஃபிப்ஸ் இந்த வழக்குகளை விசாரித்த சிறப்பு நீதிமன்றத்தைக் கலைத்தார். பின்னால் வந்த நீதிமன்றம் இந்த வகைச் சாட்சியை ஒதுக்கிவிட்டது, வழக்குகளும் நொறுங்கிப்போயின.

இப்போது உங்கள் உலகத்தை இதன் பக்கத்தில் வையுங்கள். ஒருத்தி வீட்டில் இருக்கும்போதே அவளுடைய உரு இன்னோர் இடத்தில் தெரிகிறது. இணை உலகம் உண்டு என்றால் அது யார்? மறுபிரதி. கதவு திறந்து இந்தப் பக்கம் வந்துபோனவள். அவள் செய்த வேலைக்கு இவள் தூக்கு மேடை ஏறியிருக்கிறாள். ‘எரித்த அன்று உலகம் பிரிந்தது’ என்று ஒரு இடி மின்னலை வைப்பதைவிட இது எவ்வளவோ மேல். இரண்டு உலகத்துச் சூனியக்காரிகளுக்கும் முந்நூறு வருடப் பகைக்கு நியாயமான காரணமும் கிடைத்துவிடுகிறது. நூலகப் பல்லி கேட்ட முடிச்சும் இதுவே. ஒன்று மட்டும், உண்மையாகவே இறந்தவர்களின் பெயரை வைத்து அவர்களைச் சூனியக்காரிகளாகக் காட்டாதீர்கள், அவர்கள் குற்றமற்றவர்கள் என்பது பின்னால் அரசே ஒப்புக்கொண்ட விஷயம், 1711-இல் குடும்பங்களில் பலவற்றுக்கு இழப்பீடும் கொடுத்தார்கள்.

காகிதக்கப்பல்:

ஏடு புரட்டி, அந்த ஆவியுருச் சாட்சியைப் படித்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். முன்கதையை முழுக்க மாற்றுகிறேன், பெயர்களும் கற்பனைதான் இனி. ஆனால் தம்பி விஷயத்தில் ஒரு பயம். அவள் போய்க் கூட்டிவர முயற்சி செய்கிறாள் என்றால், ஒன்று வெற்றி பெற வேண்டும், இல்லை தோற்க வேண்டும். வெற்றி என்றால் கதை அங்கேயே தீர்ந்துவிடுகிறது. தோல்வி என்றால் பாதி நாவலில் ஒரு பெரிய சோகம், அதற்கப்புறம் யாருக்குச் சண்டை போட மனசு வரும்?

பாதிராத்திரி வாசகி:

மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. அவள் போகிறாள், அவன் கிடைக்கிறான், அவன் அவளுடைய தம்பி இல்லை. அவள் மனசில் இருப்பவன் ஒன்பது வயசுப் பையன். கதவைத் திறப்பவனுக்குப் பதினாலு, அவளைவிட உயரம், குரல் உடைந்திருக்கிறது, புருவத்துக்கு மேலே அவள் பார்த்தே இராத ஒரு தழும்பு. “என்ன அக்கா, சாவியை மறுபடி விட்டுட்டியா?” என்று சாதாரணமாகக் கேட்டுவிட்டு உள்ளே போகிறான். அவ்வளவுதான். அவள் வாசலில் நிற்கிறாள். அவன் சொல்லும் நகைச்சுவைக்கு அவளுக்குச் சிரிப்பு வரவில்லை, ஏனென்றால் அதற்கு முன்னால் நடந்த ஐந்து வருடம் அவளுக்குத் தெரியாது. தழும்பு எப்படி வந்தது என்று கேட்டால் மாட்டிக்கொள்வாள். இந்தக் காட்சிக்கு விதியே தேவையில்லை பாருங்கள், யாரும் தடுக்கவில்லை, கதவு பின்னால் திறந்தேதான் இருக்கிறது.

அதற்கப்புறம் சண்டை போட மனசு வருமா என்றால், இப்போதுதான் வரும். முன்னால் அந்த உலகம் அவளுக்கு எதிரி நாடு, இப்போது அங்கே ஒருவன் இருக்கிறான். மறுபிரதியும் அவனுக்காகவே கதவை மூடப் பார்க்கிறாள் என்றால் இருவர் பக்கமும் நியாயம் வந்துவிடும்.

நாலாம் பக்கம்:

எல்லோரும் சேர்ந்து நாவலை ஒப்பாரி ஆக்கிவிடுவீர்கள் போல. நானும் இந்த வகைக் கதைகள் நிறையப் படிக்கிறேன், இப்போது வருவதில் முக்கால்வாசி துக்கம், குற்ற உணர்ச்சி, இருட்டு. சூனியக்காரி என்றால் கொஞ்சம் குறும்பும் திமிரும் வேண்டாமா? லூயிஸின் அதே புத்தகத்தில் அந்தச் சூனியக்காரி ஜேடிஸ் லண்டனுக்கு வந்து சேருவாள் இல்லையா, அவள் உலகத்தில் ஆளைத் தூசியாக்கும் மந்திரம் இங்கே பலிக்காது. சரி, பலிக்கவில்லையா, விளக்குக் கம்பத்தின் இரும்புத் தண்டைக் கையாலேயே முறித்து எடுத்துக்கொண்டு தெருவில் நிற்பாள்! மந்திரம் கதவோடு நின்றுவிட்டது, பலம் கூடவே வந்துவிட்டது. ஒரே காட்சியில் விதியும் தெரிகிறது, ஆளும் தெரிகிறாள், சிரிப்பும் வருகிறது. உங்கள் நாயகியின் எந்த மந்திரம் அந்தப் பக்கம் பலிக்கும், எது பலிக்காது? அதை நீங்கள் எங்குமே சொல்லவில்லை. தம்பி வீட்டு வாசலில் நிற்கும்போது அவள் கையில் மந்திரமே இல்லை என்றால் அந்தக் காட்சிக்கு வேறு ருசி வரும், மறுபிரதியைப் போல நடித்துச் சமாளிக்க வேண்டும், சமாளிப்பதில் வேடிக்கையும் வரும்.

காகிதக்கப்பல்:

பலிக்காது என்றுதான் வைத்திருந்தேன், ஆனால் அவள் கதவைத் தாண்டிய உடனே அதைப் பாட்டியின் கடிதத்தில் ஒரு வரியாக எழுதிவிட்டுப் போய்விட்டேன். அந்த வரியை எடுத்துவிட்டு வாசலிலேயே தெரியவைக்கிறேன், பூட்டைத் திறக்கும் மந்திரத்தைச் சொல்லிப் பார்க்கிறாள், ஒன்றும் நடக்கவில்லை, தம்பி கதவைத் திறந்து சாவியைப் பற்றிக் கேட்கிறான். அதுவே போதும் போலிருக்கிறது. அப்படியானால் மறுபிரதி இந்தப் பக்கம் வந்தால் அவளுக்கும் மந்திரம் இருக்கக் கூடாது அல்லவா? அப்போது 1692-இல் வந்த உரு எப்படி அந்தச் சிறுமியின் கழுத்தை நெரித்தது?

ஏடு புரட்டி:

கையால்.