பிள்ளைகளின் கராத்தே, சிலம்ப வகுப்பில் உங்களுக்கு நேர்ந்தது என்ன?

கோவை, ஒரு அம்மா

என் மகனுக்கு ஒன்பது வயது, ஆரஞ்சு பெல்ட். போன வருஷம் ஒரு போட்டியில் குமித்தே, அதாவது இன்னொரு பிள்ளையோடு நேருக்கு நேர் மோதுகிற ஆட்டம், ஆடினான். ஆரம்பத்திலேயே ஒரு புள்ளி பின்தங்கிவிட்டான். எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்து நின்று, "கையைத் தூக்குடா, கிக் போடு!" என்று கத்திவிட்டேன்.

குரல் கேட்டதும் என் பக்கம் திரும்பினான். எதிரே நின்ற பையன் அதற்குள் கையை நீட்டிவிட்டான், குத்து கன்னத்தில் பட்டது. அந்த வயதுப் பிள்ளைகள் முகத்துக்குப் போகிற குத்தைத் தொடாமலே நிறுத்த வேண்டும். அந்தப் பையனும் நிறுத்தத்தான் பார்த்தான், இவன் முகம் இருந்த இடம் மாறிவிட்டது. நடுவர் "யாமே" சொல்லி ஆட்டத்தை நிறுத்தி, என் மகனைத்தான் எச்சரித்தார். தன்னைக் காத்துக்கொள்ளாமல் கவனத்தை விடுவதற்குக் கராத்தேயில் முபோபி என்று பெயர், அது தவறாகவே கணக்கில் வரும். கத்தியது நான், தவறு விழுந்தது அவன் பேரில்.

வீட்டுக்கு வரும்போது ஸ்கூட்டரில் பின்னால் இருந்தபடி கேட்டான்: "நீ கூப்பிட்டா நான் எப்படிம்மா திரும்பாம இருக்கிறது?"

வகுப்பிலும் நான் அப்படித்தான் இருந்திருக்கிறேன் என்று அப்புறம்தான் உறைத்தது. மாஸ்டர் முன்காலை மடக்கி நிற்கச் சொல்வார், நான் நாற்காலியிலிருந்து "நேரா நில்லு" என்பேன். பாவம், அவன் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்ப்பான். இப்போது வாயே திறப்பதில்லை. உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் எழுதுங்கள்.

திருநெல்வேலி, ஒரு அப்பா

எங்களுக்குச் சிலம்பம். மகளுக்குப் பதினொண்ணு. கம்பு அவ நெத்தி உயரம் இருக்கும். அதைக் கைநீட்டிச் சுத்தும்போது வீச்சு எவ்வளவு தூரம் வரும்னு பக்கத்துல உட்கார்ந்திருக்கிறவங்களுக்குப் புரியிறதே இல்ல. எனக்கும் புரியாமத்தான் இருந்துச்சு.

ஒருநாள் ரெண்டு வயசுச் சின்னவனை மடியில இருந்து இறக்கி விட்டுட்டு போன் பேசிக்கிட்டிருந்தேன். அக்காகிட்ட ஓடிட்டான். அவ பார்த்துட்டு, சுத்திக்கிட்டிருந்த கம்பைச் சட்டுனு தரையில ஊன்றி நிறுத்திட்டா. தம்பிக்கு ஒண்ணும் ஆகல, இவளுக்கு மணிக்கட்டு பிசகி ரெண்டு வாரம் கம்பு பிடிக்க முடியல. பதற்றத்துல நான் செருப்போட உள்ள ஓடியிருக்கேன். பிள்ளைங்க தொட்டுக் கும்பிட்டு இறங்குற மண்ணு அது.

ஆசான் ஒரு வார்த்தை சொல்லல. மறுநாள் போனா சுண்ணாம்புல கோடு போட்டு, பெஞ்சை அதுக்கு வெளிய தள்ளி வச்சிருந்தார். அந்தக் கோட்டை நான் இன்னிக்கு வரைக்கும் தாண்டினதில்ல.

சென்னை, பெண்ணின் அம்மா

வீடியோ பற்றி ஒன்று. என் மகள் கீழே விழுந்து அழுததை வேறொரு பெற்றோர் எடுத்து ஸ்டேட்டஸில் போட்டுவிட்டார். கெட்ட எண்ணம் இல்லை, அவர் பிள்ளை நன்றாக உதைத்த காட்சி அது. ஆனால் அதை இவள் வகுப்புத் தோழிகள் பார்த்தார்கள். இரண்டு வாரம் வகுப்புக்கே வரமாட்டேன் என்றாள். உங்கள் பிள்ளையை மட்டும் எடுங்கள். வேறு பிள்ளை தெரிந்தால் அதன் பெற்றோரைக் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

சேலம், கராத்தே மாஸ்டர்

முதலில் பதிவு போட்ட அம்மாவுக்கு நன்றி. இதை நான் சொன்னால் கோபித்துக்கொள்வார்கள்.

பிள்ளை அழுதால் உடனே ஓடி வராதீர்கள். பத்தில் எட்டுப் பேர் தாங்களே எழுந்து வரிசைக்குப் போய்விடுவார்கள், அம்மா முகத்தைப் பார்த்தால்தான் அழுகை கூடும். நிஜமாக அடி என்றால் நானே உங்களைக் கூப்பிடுவேன். வீசிங், பழைய எலும்பு முறிவு, அன்றைய காய்ச்சல் இதையெல்லாம் வகுப்பு தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். "பக்கத்து வீட்டுப் பையன் கிரீன் பெல்ட், இவனுக்கு எப்போ?" என்ற கேள்வியைப் பிள்ளை காதில் விழும்படி கேட்காதீர்கள். வகுப்பு முடிந்ததும் தனியாக வாருங்கள், எவ்வளவு நேரமானாலும் பேசுகிறேன்.

அதற்காக, பெற்றோர் பார்க்கவே கூடாது என்று கதவைச் சாத்துகிற இடத்தில் பிள்ளையைச் சேர்க்காதீர்கள். பார்ப்பது உங்கள் உரிமை. அதை யாருக்காகவும் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

கோவை, ஒரு அம்மா

நன்றி மாஸ்டர். ஞாயிற்றுக்கிழமை இவனுக்கு கிரேடிங், அடுத்த பெல்ட்டுக்கான தேர்வு. எங்கே உட்காரட்டும் என்று அவனையே கேட்டேன். மாஸ்டருக்கு நேர் பின்னால் இருக்கிற படிக்கட்டில் உட்காரச் சொல்லியிருக்கிறான்.