யூடியூபில் 12 வீடியோ போட்டும் கூகுளில் எங்கள் கடை தெரியவில்லை: எங்கே தவறு?

கேள்வி (தண்டையார்பேட்டை, சென்னை)

வணக்கம். என் தந்தையார் தண்டையார்பேட்டையில் முப்பது ஆண்டுகளாகத் தையல் மிஷின் பழுது பார்க்கும் கடை நடத்தி வருகிறார். எம்.சி. ரோட்டுத் துணிக்கடைகளுக்கு பிளவுஸும் நைட்டியும் வீட்டிலிருந்தே தைத்துக் கொடுக்கும் பெண்கள்தாம் எங்கள் வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர். முன்பெல்லாம் ஒருவர் சொல்லி ஒருவர் வருவார்கள். இப்போது மிஷின் நின்றுவிட்டால் எல்லோரும் முதலில் கைப்பேசியில்தான் தேடுகிறார்கள். அப்படித் தேடும்போது எங்கள் கடை கண்ணில் படுவதே இல்லை.

சென்ற ஆண்டு ஒரு விளம்பர நிறுவனத்திடம் பணம் கட்டி 12 வீடியோக்கள் எடுத்தோம். பெயர்ப்பலகை, ட்ரோன் காட்சி, பின்னணி இசை என்று பார்க்க நன்றாகவே இருந்தன. ஆனால் அவற்றை அவர்கள் தங்கள் சேனலிலேயே ஏற்றினார்கள். ஒப்பந்தம் முடிந்ததும் எங்களிடம் ஒப்படைக்கவும் மறுத்துவிட்டார்கள். வீடியோ பார்த்து வந்ததாக ஒருவர்கூடச் சொல்லவில்லை. இனி நானே எடுக்கலாம் என்றிருக்கிறேன். வீடியோவால் உள்ளூர்த் தேடலில் உண்மையில் பயன் உண்டா? எதை எடுப்பது?

மறுமொழி (ராயபுரம், கடைகளுக்கு இணையப் பணி செய்பவர்)

தம்பி, முதலில் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். மேப்பில் கடைகள் வரிசையாக வருவது வேறு, தேடல் பக்கத்தில் வீடியோ வருவது வேறு. மேப் வரிசைக்குக் கூகுள் சொல்லும் அளவுகோல்கள் மூன்று: தேடிய சொல்லுக்கு உங்கள் கடை எவ்வளவு பொருந்துகிறது, தேடுபவரிடமிருந்து எவ்வளவு தொலைவில் இருக்கிறது, கடை எவ்வளவு அறியப்பட்டிருக்கிறது. எத்தனை வீடியோ போட்டாலும் தொலைவு குறையப் போவதில்லை. எனவே பெரம்பூரில் இருப்பவருக்கு உங்கள் கடை மேப்பில் முதலில் வர வேண்டும் என்று நினைத்து உழைக்காதீர்கள்.

வீடியோவின் பலம் வேறிடத்தில் இருக்கிறது. மிஷின் கோளாறு செய்யும்போது அந்தப் பெண் கடையைத் தேடுவதற்கு முன்பே கோளாறைத் தேடுகிறார். "தையல் விட்டு விட்டு விழுகிறது", "அடி நூல் சுருண்டு கொள்கிறது" என்றுதான் கேட்கிறார். அந்தக் கேள்விக்கு உங்கள் தந்தையார் பதில் சொன்னால், அவர் கைத்திறனைப் பார்த்த பிறகு அவரையே அழைப்பார். பெயர்ப்பலகையின் மேல் பறக்கும் ட்ரோன் எந்தக் கேள்விக்கும் பதில் சொல்வதில்லை. உங்கள் 12 வீடியோக்களும் வீணானதற்கு அதுவே காரணம் என்பது என் கருத்து.

ஒரு வாரம் கடைக்கு வரும் தொலைபேசி அழைப்புகளில் கேட்கப்படுவதை அவரவர் சொன்ன சொல்லிலேயே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அதுவே உங்கள் தலைப்புப் பட்டியல். தலைப்புக்கு 100 எழுத்துகள் வரை இடம் உண்டு. கோளாறை முதலிலும் ஊரைப் பிறகும் வையுங்கள். விளக்கப் பகுதியில், முதல் சில வரிகளிலேயே கடைப் பெயர், முகவரி, தொலைபேசி எண் ஆகியவை கூகுள் பிசினஸ் புரொஃபைலில் (தேடலிலும் மேப்பிலும் உங்கள் கடை விவரத்தைக் காட்டும் பக்கம்) இருப்பது போலவே இருக்கட்டும். ஒருவர் 'மிஷின்' என்று எழுதுவார், இன்னொருவர் 'மெஷின்' என்று எழுதுவார், பலர் தமிழை ஆங்கில எழுத்தில் தட்டுவார்கள். இவையெல்லாம் விளக்கத்தில் இயல்பான வாக்கியங்களாக வர வேண்டும். டோல்கேட், காலாடிப்பேட்டை, புது வண்ணாரப்பேட்டை என்று மக்கள் வழி சொல்லும் பெயர்களையும் சேருங்கள். வீடியோ ஏற்றும்போது குறிச்சொற்கள் கேட்கும் டேக் பெட்டியை நிரப்புவதில் நேரம் செலவிட வேண்டாம். அதற்குப் பங்கு மிகக் குறைவு என்று யூடியூபே சொல்கிறது.

மறுமொழி (பெரம்பூர், டிபன் கடை நடத்துபவர்)

உங்களுக்கு நேர்ந்தது எனக்கும் நேர்ந்தது, அதனால் சொல்கிறேன். சேனல் கடையின் சொந்தக் கூகுள் கணக்கில்தான் இருக்க வேண்டும். வெளியாள் வேலை செய்தால் சேனலை நிர்வகிக்கும் யூடியூப் ஸ்டுடியோவில் அவருக்கு அனுமதி மட்டும் கொடுங்கள். வேலை முடிந்ததும் அதை நீக்கிவிடலாம்.

பிசினஸ் புரொஃபைலிலும் நேரடியாக வீடியோ ஏற்றலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. அதற்கு வரம்பு 30 விநாடி, 75 எம்பி. நான் இரண்டு நிமிட வீடியோவை ஏற்றிப் பார்த்துத் தோற்ற பிறகே இதை அறிந்தேன். இந்த 30 விநாடியில் வழியைக் காட்டுங்கள். உங்கள் பக்கம் 2021 பிப்ரவரியிலேயே மெட்ரோ வந்துவிட்டது. தண்டையார்பேட்டை நிலைய வாசலில் தொடங்கி, கடைப் படியில் கால் வைப்பது வரை கைப்பேசியிலேயே எடுத்தால் போதும். கனமான மிஷின் தலையைத் தூக்கிக்கொண்டு வருபவருக்குத் தெரு தெரிந்திருப்பது பெரிய உதவி.

ஷார்ட்ஸ் (யூடியூபின் குறு வீடியோ) போட்டால், 2023 ஆகஸ்ட் இறுதியிலிருந்து அதன் விளக்கத்தில் தரும் இணைப்பை அழுத்தித் திறக்க முடியாது. ஆகவே தொலைபேசி எண்ணைத் திரையிலேயே பெரிதாகக் காட்டுங்கள்.

மறுமொழி (வியாசர்பாடி, இணையதள வடிவமைப்பாளர்)

கடைக்கு இணையதளம் இருந்தால் ஒன்று கவனிக்க வேண்டும். எல்லா வீடியோக்களையும் முகப்பில் அடுக்குவதால் பயனில்லை. வீடியோவே முதன்மையான உள்ளடக்கமாக இருக்கும் பக்கங்களைத்தான் 2023 டிசம்பரிலிருந்து கூகுள் தன் வீடியோ பிரிவில் காட்டுகிறது. ஒவ்வொரு வீடியோவுக்கும் தனிப் பக்கம் தேவை. தளம் இல்லையென்றால் இதற்காக இப்போது செலவு செய்யாதீர்கள், சேனலும் புரொஃபைலும் போதும்.

பணம் கொடுத்துப் பார்வை எண்ணிக்கை வாங்காதீர்கள். வீடியோ பார்த்து வந்தவரிடம் ரிவ்யூ கேட்பது நியாயம். அதற்குத் தள்ளுபடி தருவது கூகுள் விதிக்கு எதிரானது. புரொஃபைலில் கடைப் பெயரோடு 'சிறந்த தையல் மிஷின் ரிப்பேர் தண்டையார்பேட்டை' என்று ஒட்டுவதும் அப்படியே.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. நேற்று முதல் வீடியோ எடுத்தோம். ஒரு அம்மா, தையல் விட்டு விட்டு விழுகிறது என்று பழைய மிஷினைக் கொண்டு வந்திருந்தார். அப்பா முதலில் ஊசியைக் கழற்றி, அதன் தட்டைப் பக்கம் திரும்பி மாட்டப்பட்டிருந்ததைக் காட்டினார். பிறகு அடி நூல் இருக்கும் பாபின் கேஸை எடுத்துவிட்டு உள்ளே பிரஷ்ஷை விட்டார்; பஞ்சுத் தூசி சாம்பல் நிறத்தில் ஒரு சிறு உருண்டையாகத் திரண்டு வந்தது. அந்த அம்மாவே அனுமதி தந்து, "இதைப் போடு தம்பி, நாலு பேர் பார்க்கட்டும்" என்றார். அப்பா மட்டும் தன் முகம் வரக்கூடாது என்கிறார். கைகள் மட்டும் தெரிந்தால் போதுமா?

மறுமொழி (ராயபுரம்)

போதும் தம்பி. கைகளும் குரலும் தெளிவாக இருக்கட்டும். தெருச் சத்தம் குரலை மறைக்காதபடி காலையில் கடை திறந்ததும் எடுங்கள். பேசுவதைத் தமிழில் தட்டச்சு செய்து சப்டைட்டிலாகச் சேருங்கள், சத்தம் வைக்க முடியாத இடத்தில் பார்ப்பவர்களுக்கும் புரியும்.