புதுப்பிப்பு: ஏற்காட்டுச் சரிவில் கண்ணாடித் துண்டு மூடாக்கு, மழைக்குப் பிறகு

கூர்மை மழுங்க உருட்டித் தேய்த்த பழைய பாட்டில் கண்ணாடியைச் சரிவான பாத்தியில் மூடாக்காக, அதாவது மண்ணை மூடும் மேலடுக்காக, பரப்பினால் மழையில் செம்மண் மேலே ஏறிவிடுகிறது, என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பலன் தந்தது, அடியில் ஜல்லி போடச் சொன்ன யோசனை. பாத்தி 3 மீட்டருக்கு 1.2 மீட்டர். மண்ணைத் தட்டிச் சமன்செய்து, நெய்யாத ஜியோடெக்ஸ்டைல் துணியை (தண்ணீரை விட்டு மண்ணைத் தடுக்கும் செயற்கைத் துணி) 15 செ.மீ. ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி விரித்தேன். அதன்மேல் அரை இஞ்சு ஜல்லி 4 செ.மீ., கண்ணாடி 2.5 செ.மீ. மட்டும். கண்ணாடி ஏறக்குறைய 135 கிலோ பிடித்தது. முழு ஆழத்துக்கும் அதையே கொட்டியிருந்தால் 350 கிலோ தாண்டியிருக்கும். சரிவின் கீழ்ப்பக்கம் மட்டும் செங்கல்லைச் செங்குத்தாகப் பதித்து, இடையிடையே தண்ணீர் போக வழி விட்டேன். வடகிழக்குப் பருவமழையில் துண்டுகள் நகரவில்லை.

துணிக்குப் பதில் பிளாஸ்டிக் ஷீட் விரிக்கும் யோசனையை எடுக்கவில்லை. தண்ணீர் கீழே இறங்காமல் ஷீட்மேல் ஓடி, கண்ணாடியையும் இழுத்துக்கொண்டு போகும்.

எதிர்பாராதவை இரண்டு. கழுவாத துண்டுகளில் ஒட்டியிருந்த இனிப்புக்கு எறும்பு வந்தது. வெந்நீரில் சலவைச் சோடா கலந்து அலசியதும் நின்றது. இன்னொன்று சில்வர் ஓக் மரத்தின் இலை. துண்டுகளுக்குள் சிக்கி மட்கினால் அதுவே களைக்கு மண். ரப்பர் பல் வாருகோலால் மேலோட்டமாக வாரி எடுக்க வேண்டும். இரும்பு வாருகோல் துணியைக் கிழிக்கும்.

கற்றாழை, அடீனியம் போன்ற வறட்சி தாங்கும் செடிகளுக்கு இது பொருந்துகிறது. ரோஜாவுக்கு வேண்டாம், அதற்கு மட்கும் மூடாக்குதான். பரப்புமுன் தடித்த கையுறையோடு கிளறிப் பார்த்து, விளிம்பு பளபளக்கும் துண்டுகளைப் பொறுக்கிவிடுங்கள். அவை சரியாகத் தேயாதவை.