உறைபனிக் காலையில் ரியர் வீல் வண்டி: ஊட்டி, கொடைக்கானல் ஓட்டுநர்களின் அனுபவப் பகிர்வு

ஈகோ வேன், ஊட்டி

நீர்ப்பனி முடிந்து உறைபனி தொடங்கிவிட்டது. தலைகுந்தா, காந்தல், குதிரைப் பந்தய மைதானம் எல்லாம் விடியற்காலையில் உப்பு கொட்டிவைத்த மாதிரி இருக்கின்றன. நம் மலையில் வேலைக்கு ஓடும் வண்டிகளில் பெரும்பாலானவை ரியர் வீல் டிரைவ், அதாவது இன்ஜின் பின் சக்கரத்தைச் சுழற்றும் வண்டிதான்: ஆம்னி, ஈகோ, பொலிரோ, சுமோ, குவாலிஸ், பழைய இன்னோவா, ட்ராவலர், ஏஸ், பிக்கப். "பார்த்து மெதுவாப் போங்க" என்று மட்டும் சொன்னால், புதிதாக ஸ்கூல் வேன் எடுக்கும் தம்பிகளுக்கு ஒன்றும் புரியாது. எந்த இடம், எந்த கியர், எவ்வளவு எடை, ஏன் வழுக்குகிறது என்று தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

பொலிரோ பிக்கப், கேத்தி பாலாடா

முதலில் இடம். இங்கே மணாலி மாதிரி பனி கொட்டி ரோட்டை மூடுவதில்லை. புல்லில் வெள்ளையாகத் தெரிவதற்குப் பயப்பட வேண்டியதில்லை. காய்ந்த தார் ரோட்டில் டயர் பிடிக்கும். ஆபத்து ஈரம் இருக்கும் இடத்தில்தான். மேட்டிலிருந்து ஊற்றுத் தண்ணீர் ரோட்டைக் கடக்கும் இடம், சிறுபாலத்தின் மேல்பகுதி, சோலையும் கற்பூர மரமும் வெயிலை மறைக்கும் வளைவு. இந்த மூன்றிலும் தண்ணீர் கண்ணாடி மாதிரி மெலிசாக உறைந்து, கறுப்புத் தாருக்கு மேல் கறுப்பாகவே தெரியும்.

நாமே உண்டாக்கும் வழுக்கலும் உண்டு. கேரட் கழுவி மூட்டை ஏற்றிய வண்டி ராத்திரியில் கிளம்பினால் ரோட்டில் கோடு போட்ட மாதிரி தண்ணீர் சொட்டிக்கொண்டே போகும். ஏற்றத்தில் நின்று கிளம்பும் இடத்தில் குட்டையே கட்டிவிடும். தோட்டத்து ஸ்பிரிங்க்ளர் ரோட்டுப் பக்கம் திரும்பியிருந்தாலும் இதே கதைதான். மேகமில்லாத, காற்றில்லாத ராத்திரி என்றால் விடியற்காலை 5 மணியிலிருந்து 8.30 வரை இந்த இடங்களைச் சந்தேகத்தோடு பாருங்கள். மேற்கு பார்த்த சரிவில் வெயில் விழவே 9 மணிக்கு மேல் ஆகும்.

வண்டி டிஸ்ப்ளே 3 டிகிரி காட்டுகிறதே என்று நம்பாதீர்கள். அது காற்றின் வெப்பம். தெளிந்த வானத்தின் கீழ் தரை அதைவிட வேகமாகச் சூட்டை இழக்கும். குளிர்ந்த காற்று பள்ளத்தில் போய்த் தேங்கும். மேட்டில் ரோடு நன்றாக இருக்க, பள்ளத்துச் சதுப்பு ஓரத்தில் உறைந்திருப்பது அதனால்தான்.

கண்டுபிடிக்க ஒரு வழி: ரோடு ஈரமாக மின்னுகிறது, ஆனால் முன்னால் போகும் வண்டியின் டயர் தண்ணீர் தெறிக்கவில்லை என்றால் அது தண்ணீர் இல்லை, ஐஸ். உள்ளே இருந்து தெரிவது: சரசரவென்று வந்துகொண்டிருந்த டயர் சத்தம் சட்டென்று அடங்கும், ஸ்டியரிங் பஞ்சு மாதிரி லேசாகும். அந்த நொடியில் காலையும் கையையும் அசைக்காமல் வைத்திருப்பதே பாதி வேலை.

சுமோ, கோத்தகிரி

இறக்கத்துக்குப் பெரியவர்கள் சொல்லிக்கொடுத்த விதி ஒன்றே: ஏறின கியரிலேயே இறங்கு. உறைபனிக்கும் அதுதான் சரி. இன்ஜின் பிடித்துக்கொண்டால் பிரேக்குக்கு வேலை குறையும்.

பொலிரோ, தலைகுந்தா

அண்ணா, விதி சரிதான், ஆனால் ரியர் வீல் வண்டியில் ஐஸ் திட்டின் மேல் அதுவே ஆளைக் கவிழ்க்கும். இறக்கத்தில் எடை முன் சக்கரத்துக்குப் போய்விடுகிறது, பின் சக்கரம் லேசாகிவிடுகிறது. இன்ஜின் பிடிப்பதோ அந்த லேசான பின் சக்கரத்தை மட்டும்தான். காய்ந்த ரோட்டில் அது பிரச்சினை இல்லை. ஐஸில் இரண்டாவதிலிருந்து முதல் கியருக்குத் தள்ளி கிளட்சைப் பட்டென்று விட்டால், பின் சக்கரம் ஹேண்ட் பிரேக் இழுத்த மாதிரி பூட்டிக்கொள்ளும். வண்டியின் வால் வெளிப்பக்கம் வீசும். முன் சக்கர வண்டியில் இதே தப்பைச் செய்தால் வண்டி நேராக வழுக்கிப் போகும். நம் வண்டி சுழலும்.

அதனால் கியரை இறக்கம் தொடங்கும் முன்பே, காய்ந்த இடத்தில் போட்டுவிட வேண்டும். சந்தேகமான திட்டுக்கு 20 மீட்டர் முன்பே பிரேக்கால் வேகத்தைக் குறைத்து, திட்டின் மேல் போகும்போது பிரேக், கியர், ரேஸ் எதையும் தொடாமல் தாண்டுங்கள். அப்படியும் பின் சக்கரம் இழுபடுவது தெரிந்தால் கிளட்சை மிதியுங்கள். சக்கரம் சுதந்திரமாக உருண்டதும் பிடிப்பு திரும்பும். தாண்டியதும் லேசாக ரேஸ் கொடுத்து இன்ஜின் சுற்றை ஏற்றி, கிளட்சை மெல்ல விடுங்கள்.

சுமோ, கோத்தகிரி

திட்டுக்கு மட்டும் என்றால் ஒப்புக்கொள்கிறேன். அதைக் கேட்டுவிட்டு யாரும் கிளட்சை மிதித்தபடி இறங்கிவிடக் கூடாது என்பதுதான் கவலை. மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டி ரோட்டில் 36 கொண்டை ஊசி வளைவு. அங்கே உறைபனி எல்லாம் மேலே தலைகுந்தாவை ஒட்டிய கொஞ்ச தூரம்தான். கீழே போகப் போகச் சூடு. அந்தச் சூட்டில் இன்ஜின் பிடியில்லாமல் பிரேக்கையே நம்பினால் பிரேக் டிரம் சூடேறி, பெடல் அடிவரை போனாலும் வண்டி நிற்காது. கருகல் வாடை வந்தால் ஓரம் கட்டி, கியரில் போட்டு, டயருக்குக் கல் வைத்து 20 நிமிடமாவது ஆறவிட வேண்டும். சூடேறிய டிரம்மில் தண்ணீர் ஊற்றினால் விரிசல் விடும்.

பொலிரோ, தலைகுந்தா

அதேதான் அண்ணா. கிளட்ச் மிதிப்பு இரண்டு மூன்று வண்டி நீளத்துக்குத்தான், அதற்கு மேல் இல்லை.

இன்னோவா டாக்சி, குன்னூர்

ஏன் இத்தனை ஜாக்கிரதை என்பதற்குக் கணக்கு இருக்கிறது. நல்ல டயர், காய்ந்த தார், மணிக்கு 30 கிலோமீட்டர் வேகம் என்றால் பிரேக் பிடித்த இடத்திலிருந்து சுமார் 5 மீட்டரில் நிற்கும். ஐஸில் உராய்வு ஏழில் ஒரு பங்குதான் கிடைக்கும். சமதரையிலேயே 35 மீட்டர் போகும். 20 கிலோமீட்டர் வேகத்தில் 16 மீட்டர். இது சமதரைக் கணக்கு. பத்துக்கு ஒன்று சரிவில் ஐஸ் இருந்தால் உராய்வு முழுவதையும் சரிவே தின்றுவிடும், எவ்வளவு பிரேக் மிதித்தாலும் வண்டி நிற்காது. சக்கரம் பூட்டாமல் தடுக்கும் ஏபிஎஸ் இருந்தால் ஸ்டியரிங் வேலை செய்யும், அவ்வளவுதான். இல்லாத பிடிப்பை அது உண்டாக்காது. ஆகவே இறக்க வளைவில் ஈரம் மின்னினால் நடக்கும் வேகத்துக்கு வந்த பிறகுதான் உள்ளே நுழைய வேண்டும்.

வால் வீசிவிட்டால்: முதலில் கிளட்ச். பிரேக்கிலிருந்து கால் எடுங்கள். வால் இடப்பக்கம் போனால் ஸ்டியரிங்கை இடப்பக்கம், வலப்பக்கம் போனால் வலப்பக்கம். கண் பள்ளத்தைப் பார்க்கக் கூடாது, போக வேண்டிய ரோட்டைப் பார்க்க வேண்டும். கை கண் போகும் பக்கம் போகும். பலரும் தப்பு செய்வது இதற்குப் பிறகுதான். வால் திரும்பி வரத் தொடங்கியதுமே ஸ்டியரிங்கை நேராக்க வேண்டும். வந்து முடியட்டும் என்று காத்திருந்தால் எதிர்ப்பக்கம் இன்னும் வேகமாக வீசும். முதல் வீச்சில் தப்பித்து இரண்டாவது வீச்சில் மேட்டில் போய் இடிப்பது இப்படித்தான்.

ஏஸ், ஊட்டி மார்க்கெட்

எடையைப் பற்றி யாரும் எழுதவில்லை. காலி பிக்கப்பும் காலி ஏஸும்தான் அதிகம் வழுக்குகின்றன, ஏனென்றால் பின் ஆக்சிலில் எடையே இல்லை. 25 கிலோ மணல் மூட்டை இரண்டு போதும். ஆக்சிலுக்கு நேர் மேலே அல்லது ஒரு சாண் முன்னால் வைத்துக் கயிற்றால் கட்டுங்கள். பின் கதவை ஒட்டிக் கடைசியில் வைத்தால் வால் வீசும்போது அந்த எடையே ஊஞ்சல் மாதிரி இழுத்துக்கொண்டு போகும். கட்டாத மூட்டை திடீர் பிரேக்கில் கேபின் மேல் வந்து விழும். ஆம்னி, ஈகோவில் பின் சீட்டுக்குக் கீழே தரையில் வைக்கலாம். சக்கரம் சுற்றி நின்றுபோனால் அதே மணலை டயருக்கு முன்னால் தூவலாம், அதற்காகவே மணல்.

பட்டை (லீஃப் ஸ்பிரிங்) கூடுதலாகப் போட்ட பிக்கப்காரர்கள் இன்னொன்றையும் பாருங்கள். ஏபிஎஸ் இல்லாத பல வண்டிகளில் பின் ஆக்சிலிலிருந்து ஒரு கம்பி, சேசிஸில் உள்ள பிரேக் வால்வுக்குப் போகும். லோடு ஏறி வண்டி தணிந்தால் பின் பிரேக்குக்கு அழுத்தம் கூடும், காலியாக இருந்தால் குறையும். இந்தக் கம்பி துருப்பிடித்து லோடு நிலையிலேயே இறுகியிருந்தால், காலி வண்டியில் பிரேக்கைத் தொட்டதும் பின் சக்கரம் பூட்டும். உறைபனியில் அது நேராகச் சுழலில் முடியும். பட்டை மாற்றினால் கம்பி நீளத்தையும் சரிசெய்யச் சொல்லுங்கள்.

டயர் விஷயத்தில் சட்டத்துக்கு 1.6 மில்லிமீட்டர் பட்டன் ஆழம் போதும். இந்த ரோட்டுக்குப் பின் டயரில் 4 மில்லிமீட்டருக்குக் கீழே போகவிடாதீர்கள். நம் ஊர் டயரின் ரப்பர் வெயிலுக்கானது. 7 டிகிரிக்குக் கீழே அது விறைத்துவிடும். முன்னால் புது டயர், பின்னால் தேய்ந்தது என்று மாட்டினால் வால் வீசுவதை நாமே வரவழைக்கிறோம்.

ட்ராவலர், கொடைக்கானல்

டயர் காற்றைப் பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். குளிரில் குறையும் என்பது உண்மை, 5, 6 டிகிரிக்கு 1 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) என்ற கணக்கு. ஆனால் மலை ஏறும்போது வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் கேஜ் கூடுதலாகக் காட்டும். கீழே 30 டிகிரியில் 33 பிஎஸ்ஐ அடித்த வண்டி, ஊட்டி உயரத்தில் 2 டிகிரியில் டயர் குளிர்ந்து நிற்கும்போது சுமார் 31.5 காட்டும். குளிர் 4.5 எடுத்தால் உயரம் 3 திருப்பித் தருகிறது. வழுக்கும் என்று 25-க்குக் குறைக்க வேண்டாம். காய்ந்த காட் ரோட்டில் (மலைப்பாதையில்) டயர் தோள் தேய்ந்து சூடாகும்.

கொடையில் ஏரியைச் சுற்றியும், கீழ்பூமி, பாம்பார்புரம் பக்கமும் உறைபனி விழும். ஆனால் எங்களுக்கு அதைவிட அதிகத் தொல்லை தருவது பைன் காட்டு ரோட்டில் நனைந்து கிடக்கும் ஊசியிலை. மூடுபனி ஈரத்தில் ஊறி, டயருக்கும் தாருக்கும் நடுவே பாய் விரித்த மாதிரி உருளும். அதன் மேல் ஸ்டியரிங் ஒடித்துக்கொண்டே ரேஸ் கொடுத்தால் ஐஸில் நடப்பதுதான் நடக்கும். நேராக்கிவிட்டு ரேஸ் கொடுங்கள்.

ராத்திரி நிறுத்துவது பற்றி: சாயங்காலம் வண்டி கழுவிவிட்டு ஹேண்ட் பிரேக் இழுத்து வைத்தால் ஈரம் உறைந்து காலையில் லைனிங் டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். கழுவியதும் கொஞ்ச தூரம் ஓட்டி, பிரேக்கை லேசாக மிதித்துக் காயவைத்துவிட்டு நிறுத்துங்கள். கியரில் போட்டு, இரண்டு டயருக்கும் கல் வைத்தால் சமதரையில் ஹேண்ட் பிரேக்கே தேவைப்படாது. வைப்பர் பிளேடைத் தூக்கி நிறுத்தி, கண்ணாடி மேல் சாக்கோ அட்டையோ போட்டுவையுங்கள்.

ஈகோ வேன், ஊட்டி

கண்ணாடிக்கு வெந்நீர் ஊற்றுவதை இன்னும் பார்க்கிறேன். சின்னக் கல்லடி பட்டிருந்தால்கூட அந்த இடத்திலிருந்து குறுக்கே விரிந்துவிடும். பழைய ஏடிஎம் கார்டால் சுரண்டலாம். மெடிக்கல் ஷாப் ஸ்பிரிட் இரண்டு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு கலந்து ஸ்பிரே பாட்டிலில் வைத்து அடித்தால் ஒரு நிமிடத்தில் இளகும். உள்பக்கம் ஆவி படிந்தால் ஹீட்டரோடு ஏசியையும் போட்டு, வெளிக்காற்று வரும்படி வையுங்கள். ஏசி இல்லாத ஆம்னியில் இரண்டு ஜன்னலை ஒரு விரல் அகலம் இறக்கினால் போதும்.

ரேடியேட்டரில் வெறும் தண்ணீர் மட்டும் ஊற்றி ஓட்டுபவர்கள் கூலண்டும் டிஸ்டில்ட் வாட்டரும் பாதிக்குப் பாதி ஊற்றுங்கள். ஊட்டி உயரத்தில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். மூடி பழசாகி அழுத்தம் பிடிக்காத வண்டி காட் ஏற்றத்தில் கொதிப்பது அதனால்தான். டீசல் வண்டியில் ஹீட்டர் பிளக் விளக்கு அணைந்த பிறகே செல்ஃப் அடியுங்கள். ரொம்பக் குளிராக இருந்தால் சாவியை இரண்டு முறை போட்டு எடுத்து மூன்றாவது முறை அடிக்கலாம்.

ஸ்கார்பியோ டூ வீல் டிரைவ், குன்னூர்

மணாலிப் பக்கம் நம் வண்டியை எடுத்துப் போகிறவர்களுக்கு: அங்கே கொட்டும் பனியில் டயரைச் சுற்றி இரும்புச் செயின் மாட்டச் சொன்னால் ரியர் வீல் வண்டிக்குப் பின் டயரில்தான் மாட்ட வேண்டும். முன் டயரில் மாட்டினால் முன்பக்கம் பிடித்துப் பின்பக்கம் அப்படியே சுழலும். 100 மீட்டர் ஓட்டி இறங்கி மறுபடி இறுக்குங்கள், 40-க்கு மேல் போகாதீர்கள், காய்ந்த ரோடு வந்ததும் கழற்றிவிடுங்கள். நீலகிரியில் செயினுக்கு வேலையில்லை. இங்கே மாட்டினால் தாரில் அறுந்து வீல் ஆர்ச்சைக் கிழிக்கும்.

பொலிரோ பிக்கப், கேத்தி பாலாடா

ஏற்றத்தில் நின்றுபோன வண்டியைக் கிளப்புவது பாக்கி. ஏறும்போது எடை பின்னால் வருவதால் நமக்குச் சாதகம்தான், முன் சக்கர வண்டி திணறும் இடத்திலும் ஏறும். அதை ரேஸ் கொடுத்துக் கெடுக்கக் கூடாது. இரண்டாம் கியர், கிளட்ச் மெல்ல, டீசல் என்றால் ரேஸே இல்லாமல். ஒரு பின் சக்கரம் மட்டும் சுற்றினால் சாதாரண டிஃபரன்ஷியல் (இரண்டு சக்கரத்துக்கும் சக்தியைப் பிரித்துத் தரும் பாகம்) சக்தி முழுவதையும் அந்தச் சக்கரத்தில் வீணாக்குகிறது என்று பொருள். ஹேண்ட் பிரேக்கை இரண்டு மூன்று பல் மட்டும் இழுத்துப் பிடித்துக்கொண்டு கிளப்பிப் பாருங்கள். நம் வண்டியில் ஹேண்ட் பிரேக் பின் சக்கரத்தில்தான் இருக்கிறது. சுற்றும் சக்கரத்தை அது தடுத்தால் பிடிப்புள்ள சக்கரத்துக்குச் சக்தி போகும். கிளம்பியதும் விட்டுவிட வேண்டும். சக்கரம் சுற்றச் சுற்ற ஐஸ் இளகி மறுபடி பளபளப்பாகும். இரண்டு முறைக்கு மேல் முயலாமல் இறங்கி மணல் தூவுங்கள், இல்லையென்றால் பத்தடி பின்னால் காய்ந்த இடத்துக்கு உருட்டி அங்கிருந்து எடுங்கள். பின்னால் உருட்டும்போது ஒருவர் இறங்கிப் பள்ளப் பக்கம் போய் நின்று, பின்னால் ஏறி வரும் வண்டிகளை நிறுத்த வேண்டும்.

இன்னோவா டாக்சி, குன்னூர்

மலை ரோட்டில் ஏறுகிற வண்டிக்கே முன்னுரிமை என்பது விதியாகவே இருக்கிறது. உறைபனி நேரத்தில் இறங்குகிறவர் காய்ந்த இடமாகப் பார்த்து முன்கூட்டியே ஒதுங்கி நின்றால், ஏறுகிறவர் ஐஸ் மேல் நிற்க வேண்டியிருக்காது.

சுமோ, கோத்தகிரி

டயருக்கு வைத்த கல்லைக் கிளம்பும்போது எடுத்து ஓரத்தில் போடுங்கள் தம்பிகளா. வளைவில் அந்தக் கல் கிடந்தால் பின்னால் மூடுபனியில் பைக்கில் வருகிற பையன் கண்ணுக்குத் தெரியாது.