அலுவலக நெட்வொர்க் மிக மெதுவாக உள்ளது: கேபிளா, வேறு காரணமா?

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். வேலூர் சத்துவாச்சாரியில் உள்ள எங்கள் ஆடிட்டர் அலுவலகத்தில் எட்டுக் கணினிகள் ஒரே நெட்வொர்க் சுவிட்ச் (கணினிகளை இணைக்கும் பெட்டி) வழியாகச் சர்வருடன் இணைக்கப்பட்டுள்ளன. ராணிப்பேட்டை, ஆம்பூர் தோல் நிறுவனங்களின் கணக்குகள் முழுவதும் அதில்தான் இருக்கின்றன. சில வாரங்களாக ஒரு லெட்ஜரைத் திறந்தாலே திரை அப்படியே நின்றுவிடுகிறது.

இணைய வேகம் நன்றாகவே இருப்பதால், கோளாறு அலுவலகத்துக்கு உள்ளேதான் என்று கருதுகிறேன். சுவிட்சும் நெட்வொர்க் கார்டுகளும் கிகாபிட் (1000 எம்பிபிஎஸ்) வகையாக இருந்தும் சர்வரின் இணைப்பு மட்டும் 100 எம்பிபிஎஸ் (நொடிக்கு 100 மெகாபிட்) என்று காட்டுகிறது. பெரிய கோப்பை நகலெடுக்கும்போது நொடிக்கு 11 எம்பியை (மெகாபைட்டை) தாண்டுவதில்லை. கிகாபிட்டுக்குக் கேபிளின் நான்கு ஜோடிக் கம்பிகளும் தேவை, 100க்கு இரண்டு ஜோடிகளே போதும் என்பதால், சுவரோரம் செல்லும் கேபிளில் ஒரு ஜோடி அறுந்திருக்கலாம் என ஐயுறுகிறேன். இரு முனைகளிலும் ஆர்ஜே45 பிளக்கை மாற்றிப் புதிதாகக் கிரிம்ப் செய்தும் (கம்பிகளைப் பிளக்கில் அழுத்திப் பொருத்தியும்) பயனில்லை.

என்னைக் குழப்புவது வேறொன்று. காலையில் சர்வருக்குப் பிங் (இணைப்பைச் சோதிக்கும் கட்டளை) கொடுத்தால் 1 மில்லிசெகண்டுக்குள் பதில் வருகிறது. பிற்பகலில் மட்டும் இடையிடையே ‘ரிக்வெஸ்ட் டைம்ட் அவுட்’ (உரிய நேரத்தில் பதில் இல்லை) என்று வருகிறது. கம்பி அறுந்திருந்தால் நாள் முழுவதும் ஒரே நிலைதானே இருக்க வேண்டும்? அந்தக் கேபிள் ஏசியின் மின்கம்பியோடு ஒரே பைப்பில் செல்வது காரணமாகுமா?

20ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-3பி என்ற ஜிஎஸ்டி கணக்குப் படிவத்தைத் தாக்கல் செய்ய வேண்டியிருப்பதால், புதிய கேட் 6 கேபிளைத் தனிப் பாதையில் இழுப்பதா, முதலில் சர்வரின் ஹார்ட் டிஸ்கைச் சோதிப்பதா என்பதை அனுபவமுள்ளவர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன். வேலூரில் கேபிள் டெஸ்டர் வைத்திருப்பவர்கள் இருந்தால், உரிய கட்டணம் கொடுத்து அழைத்துக்கொள்ளவும் ஆயத்தமாக இருக்கிறோம்.