கதிரியக்கத்தை வீட்டில் கண்ணால் பார்க்க முடியுமா?

கேள்வி: மகளுக்கு 13 வயது. கதிரியக்கத்தைப் பார்க்க வேண்டும் என்கிறாள். பாதுகாப்பாக என்ன செய்யலாம்?

பதில்: முகில் அறை செய்யுங்கள்; கதிர்த் துகள் போன தடத்தை ஆல்கஹால் ஆவியில் வெள்ளை இழையாகக் காட்டும் பெட்டி அது. என் மாணவர்களோடு பலமுறை செய்திருக்கிறேன். கண்ணாடித் தொட்டியின் உள் அடிப்பக்கத்தில் கம்பளித் துணி ஒட்டி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்து, கறுப்பு உலோகத் தகட்டின் மேல் கவிழ்த்துவிடுங்கள். தகட்டுக்கு அடியில் உலர்பனி (உறைந்த கார்பன் டை ஆக்சைடு), மைனஸ் 78 டிகிரி செல்சியஸ். வீட்டு அறையை இருட்டாக்கி, டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்துப் பத்து நிமிடம் பொறுங்கள். முதலில் மெல்லிய தூறல் மட்டும். அப்புறம் சட்டென்று ஒரு வெள்ளை இழை தோன்றிக் கலையும். தடித்துக் குட்டையாக இருந்தால் ஆல்ஃபா துகள். மெலிந்து நெளிந்தால் எலக்ட்ரான். நீளமாக, நேராகப் போனால் பெரும்பாலும் மியூவான், அதாவது விண்வெளிக் கதிர்களால் உண்டாகும் துகள். இவை நம்மைச் சுற்றி இயற்கையாகவே இருப்பதால், கதிரியக்கப் பொருள் எதுவும் வைக்க வேண்டியதில்லை. அந்த முதல் இழைக்குப் பிள்ளைகள் போடும் கூச்சல் எனக்கு இன்னும் அலுக்கவில்லை.

தடித்த கையுறை, திறந்த ஜன்னல் கட்டாயம். பக்கத்தில் நெருப்பு கூடவே கூடாது.

இன்னொருவர்: புகை உணர்வியை உடைத்து அதிலுள்ள அமெரிசியம் என்ற கதிரியக்கப் பொருளை எடுக்கச் சொல்லும் காணொளிகள் பக்கம் மட்டும் போகாதீர்கள்.

கேட்டவர்: சரி. உலர்பனி கிடைக்காவிட்டால்?

பதில்: ஒவ்வொரு பகடையும் ஓர் அணு என்று வைத்து, 100 பகடைகளை உருட்டி, ஆறு விழுந்தவற்றைச் சிதைந்த அணுக்களாக ஒவ்வொரு முறையும் நீக்கி, மிச்சத்தை வரைபடமாக்குங்கள். ஏறக்குறைய நான்காவது உருட்டலில் பாதிதான் இருக்கும். அரைவாழ்வுக் காலம், அதாவது அணுக்களில் பாதி சிதைய ஆகும் நேரம், அவளுக்குக் கையாலேயே புரியும்.