பிசாரோவின் தடங்களைப் பார்த்து வந்தவர்கள் எழுதுங்கள்

நானே தொடங்குகிறேன். பெருவின் தலைநகர் லிமாவில் உள்ள பேராலயத்தில் நுழைந்ததும் வலப்பக்க முதல் சிற்றாலயம், அந்நாட்டு இன்கா பேரரசை வென்ற ஸ்பானியர் பிரான்சிஸ்கோ பிசாரோவுடையது. 1891 முதல் காய்ந்த உடல் ஒன்றைக் காட்டி, இவர்தான் பிசாரோ என்று சொல்லிவந்தார்கள். 1977இல் நிலவறையில் வேலை செய்தவர்கள் கண்ணில் ஈயப் பெட்டி ஒன்று பட்டது. பெருவைக் கண்டுபிடித்து வென்ற மார்க்கீஸ் (பிரபுப் பட்டம்) பிசாரோவின் தலை இது என்று அதில் எழுத்து வெட்டியிருந்தது. ஆக, அதுவரை ஜனங்கள் மரியாதை செய்ததும் மனசுக்குள் திட்டியதும் வேறு யாரையோ! பெட்டியையும் அங்கேயே பார்க்கலாம். எலும்புகளில் கழுத்தைச் சுற்றி அத்தனை வாள்காயங்கள். 1541 ஜூன் 26, ஞாயிற்றுக்கிழமை, வீடு புகுந்து வெட்டினார்கள். வெட்டியவர்கள் இன்காக்கள் இல்லை, ஸ்பானியர்கள்.

—

அந்தப் பகை தொடங்கிய இடம் வட பெருவில் உள்ள கஹமார்கா. 1532 நவம்பரில் 168 பேரோடு போய் இன்கா மன்னர் அதாவல்பாவைப் பிடித்தார் பிசாரோ. மன்னர் தன்னை விடுவிக்க ஓர் அறை நிறையத் தங்கம் தருவதாகச் சொன்னார். அந்த அறை என்று காட்டப்படும் கல்கட்டிடம் இன்றும் நிற்கிறது. உள்ளே விடமாட்டார்கள், வாசலில் நின்றுதான் பார்க்க வேண்டும். சுவரில் கை எட்டும் உயரத்துக்கு ஒரு கோடு. நல்ல வேலைப்பாடுள்ள பாத்திரங்களை எல்லாம் உருக்கிக் கட்டியாக்கிப் பங்கு போட்டார்கள். ஸ்பெயின் அரசருக்கு ஐந்தில் ஒன்று, குதிரைவீரனுக்குச் சுமார் 40 கிலோ தங்கம், காலாளுக்கு அதில் ஏறக்குறைய பாதி. தங்கம் வந்தும் 1533இல் மன்னரைக் கழுத்தை நெரித்துக் கொன்றார்கள். கூட்டாளி அல்மாக்ரோ ஆட்களோடு வந்து சேர்ந்தது மன்னர் பிடிபட்ட பிறகு. அவர்களுக்குக் கிடைத்தது சொற்பம். அப்புறம் இன்கா தலைநகரான கூஸ்கோ யாருக்கு என்ற தகராறு. அசல் பங்காளிச் சண்டை! 1538இல் பிசாரோவின் தம்பி எர்னாந்தோ அல்மாக்ரோவைக் கொன்றார். லிமாவில் வீடு புகுந்தவர்கள் அல்மாக்ரோவின் ஆட்கள்.

—

நான் போனது ஸ்பெயினில் அவர் பிறந்த ஊரான த்ருஹியோவுக்கு. சதுக்கத்தில் குதிரைமேல் வெண்கலச் சிலை, தலைக்கவசத்தில் இறகு. எழுதப் படிக்கத் தெரியாத மனிதருக்கு அவ்வளவு மிடுக்கு. எனக்குச் சிலையைவிட எதிரே இருக்கும் மாளிகைதான் பிடித்தது. மூலை பால்கனியில் நான்கு மார்பளவுச் சிற்பங்கள்: பிசாரோ, அவரோடு வாழ்ந்த இன்கா இளவரசி இனேஸ், இவர்கள் மகள் பிரான்சிஸ்கா, அவளுடைய கணவர். கணவர் யார் தெரியுமா? மேலே சொன்ன எர்னாந்தோதான், சொந்தச் சித்தப்பா! அல்மாக்ரோவைக் கொன்றதற்காக ஸ்பெயினில் 20 வருடம்போலச் சிறையில் இருந்தார். கல்யாணமும் சிறையிருந்த கோட்டையில்தான் நடந்தது. வெளியே வந்தபின் இருவருமாகக் கட்டியது இந்த மாளிகை. அவர் போனபின் பிரான்சிஸ்கா மறுமணம் செய்துகொண்டு மத்ரிதில் குடியேறிவிட்டார்.

சரி, கூஸ்கோ பார்த்தவர்கள் யாராவது இருந்தால் அங்குள்ள இன்கா சூரியக் கோயில் கோரிகாஞ்சா பற்றி எழுதுங்களேன்.